வார்டு, லேப், களம்: குழந்தைகள் தொற்றுநோயில் ஆராய்ச்சி மருத்துவராக எந்த வழியில் போகலாம்?

நீங்கள் எம்.டி. பீடியாட்ரிக்ஸ் (குழந்தை மருத்துவ மேற்படிப்பு) கடைசி வருடம். தொற்றுநோயில் நாட்டம் இருக்கிறது. நோயாளியைப் பார்த்து அனுப்புவதோடு நிற்காமல் ஆராய்ச்சியும் செய்யவேண்டும் என்று ஆசை. சீனியர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். டி.எம். (எம்.டி.க்கு மேலான சிறப்புப் படிப்பு) எழுது என்பார் ஒருவர். யு.எஸ்.எம்.எல்.இ. (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வு) எழுதிப் போய்விடு என்பார் இன்னொருவர். வேலூரில் பி.எச்டி. சேரலாமே என்பவரும், எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) போதுமே என்பவரும் இருப்பார்கள். யார் சொல்வதும் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு வழியும் வேறு வேறு வேலையில் கொண்டுபோய் விடும் என்பதைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

வழக்கமாக இதை நாட்டை வைத்து ஒப்பிடுவார்கள். நாடு பிற்பாடு பார்த்துக்கொள்ள வேண்டியது. உங்கள் கேள்விக்கு விடை தரக்கூடிய குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள்? வாரத்தில் எத்தனை நாள் வார்டுப் பக்கம் போகாமல் இருக்கலாம், அந்த நாட்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள்? சொந்தப் பெயரில் முதல் கிராண்ட் (ஆய்வு நிதி) கேட்கும்போது உங்கள் வயதும் விசாவும் என்ன நிலையில் இருக்கும்? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் நாடு தானாகவே முடிவாகிவிடும்.

கேள்வி எந்த ஊரில் இருக்கிறது

போலியோ சொட்டு மருந்து கொடுத்தும் நம் குழந்தைகளின் ரத்தத்தில் எதிர்பார்த்த அளவுக்கு எதிர்ப்பொருள் உருவாகவில்லை என்பதை 1970களின் தொடக்கத்திலேயே வேலூர் சி.எம்.சி.யில் டி. ஜேக்கப் ஜான் காட்டினார். அவர் குழந்தை மருத்துவர், வைரஸ் ஆய்வாளரும்கூட. பணக்கார நாட்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது. அங்கே சொட்டு மருந்து சொன்னபடி வேலை செய்துகொண்டிருந்தது.

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரவைக்கும் ரோட்டாவைரஸின் கதையும் இப்படித்தான். மெக்சிகோவில் 200 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்தபோது, இரண்டு தடவை தொற்று வந்தவர்களுக்கு அதன்பின் கடுமையான வயிற்றுப்போக்கு வரவில்லை. வேலூரின் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளை மூன்று வயதுவரை தொடர்ந்தார்கள். 2011இல் முடிவு வெளியானது: மூன்று தொற்றுக்குப் பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். ரோட்டாவைரஸ் தடுப்பூசி ஏன் இங்கே குறைவாக வேலை செய்கிறது என்ற விவாதத்துக்கு அடிப்படையே இப்படிப்பட்ட ஆய்வுகள்தான். இதற்குத் தேவைப்பட்டது விலை உயர்ந்த கருவி அல்ல. வாரத்துக்கு இரண்டு தடவை வீடு தேடிப் போகும் களப்பணியாளர்கள், மலமாதிரியைக் கெடாமல் கொண்டுவரும் ஏற்பாடு, மூன்று வருடம் குடும்பங்கள் விலகிப் போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுமை ஆகியவைதான்.

மருந்துச் சோதனை என்றால் ஷைன் ஆய்வைப் பாருங்கள். கடுமையில்லாத காசநோய் உள்ள குழந்தைகளுக்கு ஆறு மாத மருந்துக்குப் பதில் நான்கு மாதம் போதுமா என்பது கேள்வி. உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் 16 வயதுக்குட்பட்ட 1,204 பேர் சேர்ந்தார்கள். சென்னை, சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் ஒரு மையம். 2022இல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் சாதகமற்ற விளைவு 3 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதலையே மாற்றியது. பி.ஜி. தீசிஸுக்கு 60 குழந்தைகளை வைத்து "இரண்டு சிகிச்சைக்கும் வித்தியாசம் இல்லை" என்று எழுதுகிறோமே, அது ஏன் எடுபடாது என்பதும் இங்கே புரியும். நூற்றுக்கு மூன்று பேருக்கு மட்டும் நடக்கும் விஷயத்தில் ஒரு சிகிச்சை இன்னொன்றுக்குக் குறைந்ததல்ல என்று நிரூபிக்க ஆயிரத்துக்கு மேல்கூட ஆள் வேண்டியிருக்கும். அதற்கு ஒரு ஆஸ்பத்திரி போதாது.

இன்னொரு வகைக் கேள்வி இருக்கிறது. ஒரே மருந்து, ஒரே கிருமி. இந்தக் குழந்தையின் டி-செல்கள் (கிருமியை எதிர்க்கும் ஒரு வெள்ளணு வகை) ஏன் பதில் தரவில்லை? ஒரு சாதாரண வைரஸ் ஏன் ஆயிரத்தில் ஒரு குழந்தையை மட்டும் ஐ.சி.யூ.வில் தள்ளுகிறது? இதற்கு லேப் வேண்டும், ஆழமான நோயெதிர்ப்பியல் பயிற்சி வேண்டும், செல்லைப் பிரிக்கும் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கைந்து வருடம் கை பழக வேண்டும். இந்த வகைக்கு வெளிநாட்டு வழி இன்னும் பலமானது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டு மி.லி. ரத்தத்தின் கணக்கு

லேப் வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. நான்கு மாதக் குழந்தை, 6 கிலோ. கிலோவுக்கு 80 மி.லி. என்றால் உடலில் உள்ள மொத்த ரத்தம் 480 மி.லி. ஆராய்ச்சிக்காக ஒரு தடவையில் 1 சதவீதம், நான்கு வாரத்தில் 3 சதவீதம் என்ற வரம்பைப் பல எத்திக்ஸ் கமிட்டிகள் கையாள்கின்றன. அதாவது ஒரு தடவைக்கு 4.8 மி.லி., ஒரு மாதத்துக்கு 14.4 மி.லி. காகிதத்தில் இது தாராளம். நடைமுறையில் குழந்தை நோயோடு படுத்திருக்கும், சிகிச்சைக்கான டெஸ்டுகளுக்கு ஏற்கெனவே ரத்தம் எடுத்திருப்பார்கள், இரண்டாவது குத்துக்கு அம்மா சம்மதிக்கமாட்டார். கையில் கிடைப்பது 2 மி.லி.

அதிலிருந்து பிரித்தெடுக்கும் வெள்ளணுக்கள் பெரியவர்களில் மி.லி.க்குச் சுமார் 10 முதல் 20 லட்சம். கைக்குழந்தையில் கொஞ்சம் கூடுதல். உறையவைத்து எடுக்கும்போது ஒரு பங்கு செத்துப்போகும். டி-செல் தூண்டல் சோதனை ஒன்றுக்கே பல லட்சம் செல் தேவை. ஆக, ஒரு குழந்தையிடமிருந்து நீங்கள் கேட்கக்கூடிய கேள்வி இரண்டோ மூன்றோதான். எதைக் கேட்பது என்பதை ரத்தம் எடுக்கும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

கெடுகிற இடங்களும் தெரிந்தவைதான். எட்டு மணி நேரத்துக்குள் பிரிக்காவிட்டால் நமக்கு வேண்டாத வெள்ளணு வகையான கிரானுலோசைட்டுகள் கலந்து மாதிரி அழுக்காகிவிடும். நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் மெதுவாகக் குளிரவைத்து, மறுநாள் திரவ நைட்ரஜனுக்கு மாற்றவேண்டும். "அப்புறம் மாத்திக்கலாம்" என்று மைனஸ் 80 ஃப்ரீசரிலேயே மாதக்கணக்கில் விட்டால் செல் உயிரோடிருக்காது. சனிக்கிழமை மாலை வரும் மாதிரியை யார் பிரிப்பார் என்ற கேள்விக்கு ஒரு லேபில் உடனே பதில் வந்தால், அந்த லேப் நன்றாக நடக்கிறது என்று பொருள்.

காசநோய்க்கு வேறு சிக்கல். சின்னக் குழந்தைகள் சளியைத் துப்பமாட்டார்கள், விழுங்கிவிடுவார்கள். விடிகாலை வெறும் வயிற்றில் மூக்குவழியே குழாய் போட்டு இரைப்பை நீரை எடுக்கவேண்டும். லேபுக்குப் போக நேரமாகும் என்றால் அமிலத்தை சோடியம் பைகார்பனேட்டால் சமன் செய்யவேண்டும். இல்லையென்றால் கிருமி வளராது. இதைச் சரியாகச் செய்யும் செவிலியர் இருக்கும் வார்டு எத்தனை லட்ச ரூபாய்க் கருவிக்கும் மேல்.

இங்கேயே இருப்பவர்களுக்கு

டி.எம். தொற்றுநோய்ப் படிப்பு மூன்று வருடம், நீட்-எஸ்.எஸ். நுழைவுத் தேர்வு வழியாகச் சேரலாம். வேலூர் சி.எம்.சி. உட்படச் சில இடங்களில் இருக்கிறது. பீடியாட்ரிக்ஸ் முடித்தவர்களும் எழுதலாம். ஆனால் பெரும்பாலும் பெரியவர்களின் நோய்தான் பார்ப்பீர்கள்: எச்.ஐ.வி., உறுப்பு மாற்று, ஐ.சி.யூ. தொற்று, ஆன்டிபயாட்டிக் கட்டுப்பாடு. கிளினிக்கல் கை நன்றாகத் தேறும். தனியார் ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைக்கும். ஆராய்ச்சிக்குக் கிடைப்பது ஒரு தீசிஸ் அளவு. டி.எம். முடித்தாலே ஆய்வாளராகிவிடலாம் என்று சேர்பவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பி.எச்டி. நேர்மாறு. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலோ ஒரு தேசிய ஆராய்ச்சி நிறுவனம் வழியாகவோ பதிவு செய்து நான்கைந்து வருடம். பணம் ஒரு கஷ்டம். ஆரம்ப நிலை ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். 42,000, வீட்டு வாடகைப் படி தனி. எம்.டி. முடித்து 30 வயதில், குடும்பத்தோடு, இந்தத் தொகையில் சென்னையில் காலம் தள்ளுவது சுலபமில்லை. கூட படித்தவர் சொந்த கிளினிக் திறந்திருப்பார்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. டாக்டர் பி.எச்டி. மாணவராகச் சேர்ந்தால், கைடின் பெரிய ப்ராஜெக்டில் குழந்தைகளைச் சேர்ப்பதும் ஒப்புதல் படிவம் வாங்குவதுமே வேலையாகிவிடும். ஓ.பி.யில் ஆள் குறைந்தால் முதலில் கூப்பிடுவதும் அவரைத்தான். மூன்றாம் வருட முடிவில் தரவு இருக்கும். சொந்தக் கேள்வி இருக்காது. அரசு மருத்துவப் பணியில் இருப்பவர்களுக்கு மாற்றல் என்ற தொல்லையும் உண்டு. பாதியில் வேறு மாவட்டத்துக்குப் போனால் தொடர்ந்து பார்த்துவந்த குழந்தைகள் கைவிட்டுப் போவார்கள்.

பலர் கவனிக்காத வாசல் ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறையும் (டி.பி.டி.) இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் டி.பி.டி. - வெல்கம் இந்தியா அலையன்ஸின் கிளினிக்கல், பொதுச் சுகாதார ஃபெலோஷிப்புகளுக்கு மருத்துவருக்கு பி.எச்டி. கட்டாயமில்லை, எம்.டி. போதும். ஐந்து வருடம் சம்பளமும் ஆய்வுப் பணமும் சேர்ந்து வரும். ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்கித் தருகிறோம் என்று நிறுவனமும் எழுதிக் கொடுக்கவேண்டும். எம்.டி. முடித்ததும் நன்றாக நடக்கும் மருந்துச் சோதனையிலோ தடுப்பூசி ஆய்விலோ இரண்டு வருடம் மருத்துவ அலுவலராக வேலை பார்த்து, முதல் ஆசிரியராக இரண்டு கட்டுரை போட்டுவிட்டு இதற்கு விண்ணப்பிப்பதுதான் களக் கேள்வி உள்ளவர்களுக்கு என் கணிப்பில் சிறந்த வழி. நேரடியாக பி.எச்டி.யில் குதிப்பதைவிட இதில் பேரம் பேசும் பலம் கூடுதல். அறிவிப்பும் தகுதி வரம்பும் மாறிக்கொண்டே இருக்கும், அந்தந்த ஆண்டு பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்.பி.எச்.சைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தில் இரண்டு வருடம் படித்தால் நோய்ப்பரவல் விசாரணை, மாதிரி அளவுக் கணக்கு, தரவுப் பகுப்பு எல்லாம் கைக்கு வரும். தட்டம்மை, டெங்கு, தடுப்பூசிக் கண்காணிப்பு என்று போகிறவர்களுக்கு அது தாராளமாகப் போதும். டி-செல் கனவு உள்ளவர்களுக்குப் பயன்படாது.

எந்த வழியானாலும் காகித வேலைக்குக் குறைந்தது ஆறு மாதம் ஒதுக்குங்கள். மருந்துச் சோதனையாக இருந்தால் முதல் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன்பே மருத்துவச் சோதனைகளுக்கான தேசியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு முடிந்திருக்க வேண்டும், பின்தேதியிட்டுப் பதிவு செய்தால் நல்ல இதழ்கள் திருப்பி அனுப்பும். ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம் வாய்மொழிச் சம்மதமும், 12 வயதுக்கு மேல் எழுத்துச் சம்மதமும் பெற்றோர் ஒப்புதலோடு சேர்த்து வாங்கவேண்டும். மருந்துச் சோதனையில் கடுமையான பாதிப்பு ஏதும் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டுப் பணமோ கூட்டாளியோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதி தனி. இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் கிராண்ட் கால அட்டவணையில் சேர்க்க மறக்கிறார்கள்.

அமெரிக்க வழி: சீட்டு சுலபம், அதற்குப் பிறகுதான் கஷ்டம்

அமெரிக்காதான் என்று முடிவு செய்தவர் எம்.டி. முடிக்கக் காத்திருக்கத் தேவையில்லை. அங்கே பீடியாட்ரிக்ஸ் ரெசிடென்சி மூன்று வருடத்தை முதலிலிருந்து செய்யவேண்டும், இங்கே செய்த எம்.டி. அந்தக் காலத்தைக் குறைக்காது. எம்.பி.பி.எஸ். முடித்தவுடன் போனால் மூன்று வருடம் மிச்சம்.

யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் தேர்வான ஸ்டெப் 1, 2022 ஜனவரியிலிருந்து பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். ஆகவே ஸ்டெப் 2 சி.கே. மதிப்பெண்ணின் மேல்தான் கண். ரெசிடென்சிக்குப் பிறகு தொற்றுநோய் ஃபெலோஷிப் மூன்று வருடம். முதல் வருடம் பெரும்பாலும் வார்டு, மீதி இரண்டில் பெரும்பகுதி ஆராய்ச்சி. இரண்டு வருட ரெசிடென்சியோடு நான்கு வருட ஃபெலோஷிப் செய்யும் துரித ஆராய்ச்சிப் பாதையும் உண்டு. லேப் வழிக்கு அதுதான் பொருத்தம். குழந்தைகள் தொற்றுநோய் ஃபெலோஷிப்பில் சமீப ஆண்டுகளாக நிறைய இடங்கள் காலியாகவே போகின்றன. காரணம் வருமானம்: மூன்று வருடம் கூடுதலாகப் படித்தும் சாதாரணக் குழந்தை மருத்துவரைவிட அதிகம் கிடைப்பதில்லை. அதனால் இடம் கிடைப்பது பெரிய விஷயமில்லை.

சிக்கல் அடுத்த படியில். ஆராய்ச்சி மருத்துவரை உருவாக்க அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச். கொடுக்கும் முக்கியமான உதவி கே08, கே23. முதலாவது லேப் ஆய்வுக்கு, இரண்டாவது நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு. ஐந்து வருடம்வரை கிடைக்கும். உங்கள் நேரத்தில் 75 சதவீதம் ஆராய்ச்சிக்கென்று பூட்டி வைக்கப்படும். இந்த 75 சதவீதத்துக்காகத்தான் பலர் கடல் கடக்கிறார்கள். ஆனால் விருது வழங்கப்படும்போது நீங்கள் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருக்கவேண்டும். ஃபெலோஷிப் காலத்துக்கு என்.ஐ.எச். பணம் தரும் டி32 பயிற்சி இடங்களுக்கும் அதே நிபந்தனை. விசாவில் இருப்பவருக்குத் துறையே தன் பணத்தைப் போடவேண்டும். கே99 வகைக்கு இந்த நிபந்தனை இல்லை. அதில் போட்டி கடுமை, ஆராய்ச்சி அனுபவ வருட வரம்பும் உண்டு. பெரிய கிராண்டான ஆர்01க்கும் குடியுரிமை கேட்பதில்லை. ஆனால் கே இல்லாமல் நேராக அங்கே தாவுவது அரிது.

விசாவோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் இறுகும். பெரும்பாலானவர்கள் ஜே-1 (பயிற்சிக்கான விசா) வகையில் போகிறார்கள். பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் ஊரில் இருக்கவேண்டும், இல்லையென்றால் விலக்கு வாங்கவேண்டும். வழக்கமான விலக்கு கான்ராட் 30: மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர், மருத்துவர் பற்றாக்குறைப் பகுதியில் மூன்று வருடம் முழுநேரச் சிகிச்சைப் பணி. லேபை நிறுவவேண்டிய 35 வயதில் மூன்று வருடம் வார்டில் போய்விடும். அதற்குள் தரவு பழசாகும், வழிகாட்டி வேறு ஆளை எடுத்திருப்பார். எச்-1பி (வேலை விசா) என்றால் இரண்டு வருடக் கட்டாயம் இல்லை. ஆனால் ஸ்டெப் 3 முன்கூட்டியே வேண்டும், ஆறு வருட வரம்பு ரெசிடென்சியோடும் ஃபெலோஷிப்போடும் தீர்ந்துவிடும். வெளிநாட்டிலிருந்து புதிதாக விண்ணப்பிக்க 1 லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் வந்த உத்தரவும் சேர்ந்துகொண்டது.

ஜே-1இன் இரண்டு வருடத்தைத் தண்டனையாகப் பார்க்காமல் திட்டத்தின் ஒரு பகுதியாக வைத்தால் கணக்கு மாறும். ஃபெலோஷிப்பில் கற்ற செல் நுட்பத்தை எடுத்துக்கொண்டு, வேலூரிலோ சென்னையிலோ ஏற்கெனவே தொடர்ந்து பார்க்கப்படும் குழந்தைகள் இருக்கும் இடத்தில் இரண்டு வருடம் வேலை செய்யலாம். திரும்பிப் போனாலும் இங்கேயே தங்கினாலும் கையில் சொந்தக் கேள்வி இருக்கும். ஒரு எச்சரிக்கை: இந்தக் கூட்டு வேலைக்கு அமெரிக்கப் பணத்தையே நம்பாதீர்கள். வெளிநாட்டு மையங்களுக்குத் துணை மானியம் தரும் பழைய முறையை நிறுத்துவதாக என்.ஐ.எச். 2025 மே மாதம் அறிவித்தது.

இங்கிலாந்து

சுருக்கமாகச் சொன்னால், பணம் பற்றிய கவலை இங்கே குறைவு. மருத்துவர்களுக்கான பி.எச்டி. ஃபெலோஷிப்பில் டாக்டர் சம்பள அளவிலேயே மூன்று வருடம் முழுநேர ஆராய்ச்சி செய்யலாம். பயிற்சி நிலையிலேயே 25 சதவீதம் ஆராய்ச்சி நேரம் தரும் பதவிகளும், பி.எச்டி.க்குப் பிறகு 50 சதவீதம் தரும் பதவிகளும் முறையாக வகுக்கப்பட்டுள்ளன. எம்.ஆர்.சி.பி.சி.எச். (அங்கத்திய குழந்தை மருத்துவத் தேர்வு) முடித்தால் மருத்துவராகப் பதிவு செய்ய வழி உண்டு. ஆனால் வெளியிலிருந்து வருபவர் முதலில் சாதாரண ஆஸ்பத்திரிப் பணியில் ஓரிரு வருடம் இருந்துவிட்டுத்தான் பயிற்சி இடத்துக்குப் போட்டியிட முடிகிறது. தொற்றுநோய்க்கான தேசியப் பயிற்சி இடங்களோ மிகக் குறைவு.

யாருக்கு எது

வயதை வைத்துப் பார்த்தால்: இங்கேயே இருந்து எம்.டி., இரண்டு வருடக் கள அனுபவம், ஃபெலோஷிப் என்று போனால் 31, 32 வயதில் சொந்தப் பணத்தில் சொந்தக் கேள்வி. எம்.டி.க்குப் பிறகு அமெரிக்கா போனால் அதே நிலை 37ஐத் தாண்டும். எம்.பி.பி.எஸ்.ஸிலிருந்தே போனால் 34ஐ ஒட்டி, விசா ஒத்துழைத்தால்.

வயிற்றுப்போக்கு, டைபாய்டு, குழந்தைகள் காசநோய், தடுப்பூசி என்பவை உங்கள் கேள்வி என்றால் இங்கே இருங்கள். ரோட்டாவைரஸுக்கு எதிரான இந்தியத் தடுப்பூசி ரோட்டாவேக்கின் 116ஈ வைரஸை 1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸின் பச்சிளம் குழந்தைகளிடமிருந்துதான் எம்.கே. பான் குழு எடுத்தது. அவரும் குழந்தை மருத்துவர்தான். டெல்லி, புணே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் சோதித்து, 2016இல் தேசியத் திட்டத்துக்குள் வந்தது. முப்பது வருடம் ஆனது. ஆனால் அந்த வைரஸ் வேறெங்கும் கிடைத்திருக்காது. பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு, மரபணுக் காரணம், செல் அளவிலான வேலை என்றால் வெளியே போங்கள். போகும் முன் வழிகாட்டியைத் தேடுவதற்கு முன்பே விசா வகையை முடிவு செய்யுங்கள். ஆராய்ச்சி ஒரு ஓரமாக இருந்தால் போதும், நல்ல தொற்றுநோய் மருத்துவராக இருப்பதே ஆசை என்றால் டி.எம். மேல். அதில் குறை ஒன்றுமில்லை.

எந்த ஊரானாலும் சேரும் முன் கைடிடம் கேட்கவேண்டியவை சில. இதற்கு முன் இங்கே படித்த மூன்று மருத்துவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? அவர்களில் யாராவது சொந்த கிராண்ட் வாங்கினார்களா? ப்ராஜெக்ட் மாதிரிகளில் என் கேள்விக்கென்று எத்தனை குப்பி ஒதுக்குவீர்கள்? முதல் கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும்? கடைசியாக, ஓ.பி. டியூட்டி வாரத்துக்கு எத்தனை நாள் என்பதைத் துறைத்தலைவர் கையெழுத்தோடு எழுதித் தருவீர்களா? வாயால் சொன்ன "ரெண்டு நாள்தான்" என்பது டெங்கு சீசன் தொடங்கியதும் ஆறு நாளாகிவிடும்.